எண்ணெய் ஆலையை ஒட்டி ஒரு மாந்தோப்பு!

உப்புக்காற்று, குறைந்த மழை, சவுக்கு நட்டால்கூடத் திணறும் மண். குஜராத் மாநிலம், ஜாம்நகர் மாவட்டம், மோட்டி காவ்டி கிராமத்தைச் சுற்றியுள்ள கட்ச் வளைகுடாக் கரை நிலத்தின் நிலை இதுதான். அதே நிலத்தில் இன்று சுமார் 600 ஏக்கரில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாமரங்கள் காய்க்கின்றன. தோப்பை ஒட்டி நிற்பது, உலகின் மிகப்பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு மற்றும் பெட்ரோ கெமிக்கல் வளாகமான ரிலையன்ஸ் ஆலை.

1998 ஜூனில் வீசிய கடும் புயலைத் தாண்டி, 1999-ல் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. 2008 டிசம்பரில் ஏற்றுமதிக்கான இரண்டாவது ஆலையும் சேர்ந்தது. இரண்டின் திறன், நாளொன்றுக்கு 12.4 லட்சம் பீப்பாய். லிட்டர் கணக்கில் ஏறத்தாழ 20 கோடி!

உரச்சாக்கு முதல் சொட்டு நீர்க் குழாய் வரை

கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து குழாய் வழியே கச்சா எண்ணெய் கரைக்கு வருகிறது. அதைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கினால், எரிவாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என ஒவ்வொன்றும் தனித்தனி உயரத்தில் பிரியும். அடியில் தங்கும் கனமான எண்ணெயை மீண்டும் உடைக்கும்போது புரோப்பிலீன் வாயு கிடைக்கும். அதிலிருந்து வருவது பாலிபுரோப்பிலீன். நம் வீட்டு உரச்சாக்கு அதில் நெய்ததுதான்.

ஆலையில் மிஞ்சும் வாயுக்களிலிருந்து எத்திலீன் எடுக்கும் பிரிவு 2018-ல் இயங்கத் தொடங்கியது. எத்திலீனிலிருந்து வரும் பாலிஎத்திலீன்தான் மூடாக்கு ஷீட்டாகவும், சொட்டு நீர்க் குழாயாகவும் வயலுக்கு வருகிறது. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் கந்தகமும் வீணாவதில்லை. கந்தக அமிலமாகி, சூப்பர் பாஸ்பேட் தயாரிப்புக்குப் போகிறது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் விவசாயியின் செலவும் ஏறுவதற்கு, டீசல் மட்டும் காரணமல்ல.

நீலத்தின் வாரிசுகள்

ஆலையைச் சுற்றிப் பசுமை வளையம் தேவைப்பட்டபோது, வெறும் நிழல் மரங்களோடு நிறுத்தாமல் மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பகுதி, குஜராத்தின் கேசர். கூடவே அல்போன்சா, ரத்னா, சிந்து, ஆம்ரபாலி, நம் ஊர் நீலம். இதில் ரத்னா, நீலமும் அல்போன்சாவும் சேர்ந்த ஒட்டு ரகம். ஆம்ரபாலி, தசேரிக்கும் நீலத்துக்கும் பிறந்தது. குட்டையாக வளர்வதால் அடர் நடவுக்கு ஏற்றது. ஆண்டு தவறாமல் காய்க்கும் நீலத்தின் குணத்துக்காகத்தான் இந்த ஒட்டு முயற்சிகள் நடந்தன.

தண்ணீர்தான் கணக்கு

இந்தத் தோப்பை அப்படியே நகலெடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கு பாய்வது கிணற்று நீரல்ல. ஆலைக்காகக் கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய நீர். அந்தச் செலவை ஆலை தாங்கும். ஐந்து ஏக்கர் விவசாயி தாங்க முடியாது. கடலோர விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு. நடவுக்கு முன் மண்ணையும் நீரையும் பரிசோதித்து உப்பின் அளவை அறிவது, காற்று வரும் திசையில் இரண்டு வரிசை உயிர்வேலி, சொட்டு நீர், மூடாக்கு. இவை எல்லோருக்கும் எட்டுபவைதான்.

உங்கள் ஊருக்கு ஆலை வந்தால்..?

இதுபோன்ற பெரிய ஆலைகளுக்கு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை-2006 படி, பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம்.

ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? உப்பு நீக்கியபின் மிஞ்சும் கடும் உப்புநீர் எங்கே போகும்? பசுமை வளையம் எத்தனை ஏக்கர், எந்த ஆண்டுக்குள்? இந்த மூன்று கேள்விகளையும் எழுத்து மூலமாகக் கொடுத்து, பதிவு செய்யச் சொல்லுங்கள். பேச்சு காற்றில் போய்விடும், எழுத்து நிற்கும்.