கிண்ணம் ஒன்று, அளவு எத்தனை?

கிரேக்க நாட்டின் சாமோஸ் தீவிலே விந்தையான கிண்ணம் ஒன்றை விற்பார்கள். அதன் நடுவே சிறு தூண் ஒன்று நிற்கும். உட்புறத்தில் ஒரு கோடு இருக்கும். கோடு வரையில் மதுவை வார்த்தால் அமைதியாகப் பருகலாம். ஆசை மிகுந்து அதற்கு மேலே வார்த்தாலோ, வார்த்தது முழுவதும் அடித்துளை வழியாக ஒழுகி மடியை நனைத்துவிடும். தூணுக்குள் மறைந்திருக்கும் வளைகுழாயின் வேலை அது. திரவம் வளைவின் உச்சியைத் தாண்டியதும், குழாய் அனைத்தையும் இழுத்துக் கீழே விட்டுவிடுகின்றது. கணித மேதை பைதகரஸ் இதனைச் செய்தார் என்பது செவிவழிச் செய்தி. கிண்ணமும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நம் வீட்டுக் கிண்ணங்களில் அத்தகைய குழாய் இல்லை. கோட்டை நாமேதான் கீற வேண்டும். அக்கோடு எங்கே இருக்கின்றது என்பதை அறியாதவர் எவ்வாறு கீறுவார்?

இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்தது சென்ற ஆண்டு இலண்டனிலே, என் அக்காள் வீட்டுச் சமையலறையில். அத்தானுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. வைத்தியசாலையிலிருந்து வந்த படிவத்தில், வாரத்துக்கு எத்தனை அலகு மதுசாரம் அருந்துகின்றீர் என்று கேட்டிருந்தார்கள். அவர் 'ஏழு' என்று எழுதி எனக்குக் காட்டினார்.

"தம்பி, நான் பொய் எழுதேல்லை. இரவுச் சாப்பாட்டோடை ஒரு கிளாஸ் வைன், அவ்வளவுதான். கிழமைக்கு ஏழு."

அக்காள் ஒன்றும் பேசவில்லை. கேக் செய்யும்போது பால் அளக்கும் கோடிட்ட சாடியை எடுத்து மேசைமீது வைத்தாள். "இஞ்சருங்கோ, வழக்கமா வாக்கிற அளவுக்குத் தண்ணியை வாத்து, பிறகு இதிலை ஊத்திப் பாருங்கோ" என்றாள்.

அத்தான் சிரித்துக்கொண்டே வார்த்தார். அகன்ற வயிறுடைய அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் பாதியைச் சற்றே தாண்டி நின்றது. சாடியில் ஊற்றியபோது கோடு காட்டிய அளவு 250 மில்லிலீற்றர். அவருடைய சிரிப்பு மறைந்தது.

பிரித்தானியாவில் ஓர் அலகு என்பது 10 மில்லிலீற்றர், அதாவது 8 கிராம், தூய மதுசாரம். கணக்கு மிக எளிது. அருந்தும் மில்லிலீற்றரை, போத்தலில் அச்சிட்டிருக்கும் நூற்றுவீதத்தால் பெருக்கி, 1000 ஆல் வகுக்க வேண்டும். திராட்சை மதுவின் வலிமை பெரும்பாலும் நூற்றுக்கு 12 முதல் 14 வரை இருக்கும். அத்தானின் போத்தலில் 13 என்றிருந்தது. ஆகவே அவருடைய 'ஒரு கிளாஸ்' 3.25 அலகு. ஏழு நாளைக்கு 22.75 அலகு. வாரத்துக்கு 14 அலகுக்கு மேற்படாதிருப்பதே நன்று என்றும், அதையும் மூன்று நாளிலோ அதற்கு மேற்பட்ட நாள்களிலோ பரவலாகக் கொள்ள வேண்டும் என்றும் 2016 இல் அந்நாட்டு மருத்துவ அதிகாரிகள் ஆலோசனை கூறினர். ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு ஒன்றே. அந்த 14 அலகு, 750 மில்லிலீற்றர் கொண்ட போத்தலில் ஒன்றரைக்கும் சற்றுக் குறைவே. அத்தான் பொய் சொல்லவில்லை. அவருடைய கிண்ணம் சொல்லிவிட்டது.

இப்பொய்க்கு ஒரு வரலாறும் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இங்கிலாந்தின் பழங்கிண்ணங்களை அளந்து 2017 இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. 1700 ஆம் ஆண்டளவில் ஒரு மதுக்கிண்ணம் சராசரியாக 66 மில்லிலீற்றரே கொண்டது. இன்றைய கிண்ணமோ 449 மில்லிலீற்றர் கொள்கின்றது. கிண்ணம் ஏறக்குறைய ஏழு மடங்காகிவிட்டது. 'ஒரு கிண்ணம்' என்னும் சொல் மட்டும் மாறவில்லை. மதுச்சாலைகளில் 125, 175, 250 மில்லிலீற்றர் என்று அளந்து விற்கிறார்கள். வீட்டிலோ கண்ணே தராசு.

கண் நல்ல தராசன்று. ஒரே அளவு நீரைக் குட்டையான அகன்ற பாத்திரத்திலிருந்து உயர்ந்த ஒடுங்கிய பாத்திரத்துக்கு மாற்றினால், நீர் கூடிவிட்டது என்று சிறு குழந்தைகள் சொல்வதை உளநூலறிஞர் பியாஜே எடுத்துக்காட்டினார். ஆசிரியப் பயிற்சியில் இதனைப் படித்துக் குழந்தைகளின் பேதைமையை எண்ணி நகைத்தவர்களுள் நானும் ஒருவன். அகன்ற கிண்ணத்தின் முன்னே வளர்ந்தவரும் குழந்தைகளே என்பதை அன்று அறிந்தேன்.

"குடியாதே என்று சொல்வதை விடுத்து அளவு சொல்லுவது ஆசிரியனுக்குத் தகுமோ?" என வாசகர் கேட்கலாம். நான் மது அருந்துபவனல்லேன். கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருப்பதையும் மறந்தேனல்லேன். உலக சுகாதார நிறுவனமும், உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவுமில்லை என 2023 இல் அறிவித்தது. மதுபானம் புற்றுநோயை விளைவிப்பது என்பது 1988 ஆம் ஆண்டு முதலே நிறுவப்பட்ட முடிவு. அருந்தாதவர் இதயநலம் கருதித் தொடங்க வேண்டிய தேவை இல்லை. ஆயினும் ஏற்கெனவே அருந்துபவரிடம் 'குறையுங்கள்' என்றால், 'ஒன்றுதானே!' என்கிறார். அந்த 'ஒன்று' எவ்வளவு என்று அவருக்கே தெரியாதபோது எதனைக் குறைப்பது?

ஆகவே முதலில் தாம் வழக்கமாக வார்க்கும் அளவைத் தண்ணீரால் ஒருமுறை அளந்து பார்ப்பது நன்று. சிறிய கிண்ணத்தைத் தெரிந்தெடுத்தல் அடுத்தது. கிண்ணம் வெறுமையாகுமுன் மேலும் வார்க்க இடங்கொடுத்தல் ஆகாது. விருந்துகளில் எண்ணிக்கை தவறுவது அங்கேதான். உணவோடு மெல்லப் பருகி, பக்கத்தில் தண்ணீரும் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அலகைக் கழிக்க உடலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். கோப்பியும் குளிர்ந்த நீர்க் குளிப்பும் அதனை விரைவுபடுத்தமாட்டா. வாகனம் ஓட்டுவோரும் கருவுற்ற பெண்களும் அறவே தவிர்த்தல் வேண்டும். நீரிழிவுக்கோ நித்திரைக்கோ மருந்து உண்பவர் வைத்தியரைக் கேட்டறிதல் அவசியம். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாகலாம். அவரும் வைத்தியரின் துணையோடே விட வேண்டும்.

இக்கணக்கு நம் நாட்டுச் சாராயத்துக்கும் பொருந்தும். அதன் வலிமை நூற்றுக்கு 33 அல்லது அதற்கு மேல். 100 மில்லிலீற்றரிலேயே மூன்று அலகுக்கு மேல் அடங்கிவிடும். கால் போத்தலோடு நிறுத்திக்கொண்டதாகப் பெருமை பேசுவோர் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பாராக.

அன்றிரவு அத்தான் படிவத்திலிருந்த 'ஏழு' என்பதை வெட்டி, '23' என்று எழுதினார். எழுதியபின் நெடுநேரம் பேசாதிருந்தார். அக்காள் அவர் முன்னே சோற்றை வைத்துவிட்டு, சாடியைக் கழுவப் போனாள்.

சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசினேன். 125 மில்லிலீற்றர் கிண்ணத்தில் வாரத்துக்கு நான்கு நாள் மட்டுமே அருந்துகின்றாராம். ஆறரை அலகுதான் என்று தாமே கணக்கும் சொன்னார்.

"அந்தச் சாடி எங்கே, அத்தான்?" என்று கேட்டேன்.

"அது என்ரை பக்கத்திலைதான் நிக்குது, தம்பி. கொக்கா அதை எடுத்து வைக்க விடுறாவில்லை."

சாமோஸ் தீவிலே குழாய் செய்யும் வேலையை, அந்த வீட்டில் ஒரு பால்சாடி செய்துகொண்டிருக்கின்றது.