நிரல்களுக்கு நடுவே ஒரு குழாய்

கணினியில் ஒரே நேரத்தில் இயங்கும் நிரல்கள் ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தனித்தனி நினைவகப் பரப்பை ஒதுக்கி, ஒன்றின் பரப்பை மற்றொன்று தொடாதபடி காக்கிறது. ஒரு நிரல் நிலைகுலைந்தாலும் மற்றவை பிழைத்திருப்பது இதனால்தான். ஆனால் இரண்டு நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமானால், இரு பரப்புகளையும் அணுகும் அதிகாரமுள்ள கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, நாட வேண்டியிருக்கிறது. நிரல் கெர்னலிடம் வேலை கேட்பதற்கென வகுக்கப்பட்ட முறையே சிஸ்டம் கால் எனப்படுகிறது.

இத்தகைய பரிமாற்ற வழிகளுள் எளிமையால் தனித்து நிற்பது யூனிக்ஸின் பைப். தோட்டத்து நீர்க்குழாய்த் துண்டுகளைத் திருகிப் பொருத்துவதுபோல் நிரல்களையும் பொருத்த வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1964இல் எழுதிவைத்த குறிப்பு, 1973இல் கென் தாம்சனின் கையால்தான் யூனிக்ஸில் உருப்பெற்றது.

நிரல் பைப் என்ற அழைப்பை விடுத்ததும், கெர்னல் தன் நினைவகத்தில் ஓர் இடைத்தேக்கத்தை அமைத்து, எழுதும் முனைக்கும் படிக்கும் முனைக்கும் ஒவ்வோர் எண்ணைத் தருகிறது. அந்நிரல் ஃபோர்க் என்ற அழைப்பால் தன் பிரதியை உண்டாக்கும்போது அவ்வெண்கள் பிரதிக்கும் சேர்ந்தே கிடைப்பதால், ஒன்று எழுத மற்றொன்று படிக்க முடிகிறது.

இதில் தரவின் நகர்வைவிட நுட்பமானது காத்திருப்பு. லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும் இத்தேக்கம் நிரம்பினால் எழுதும் நிரலையும், வெறுமையானால் படிக்கும் நிரலையும் கெர்னல் உறங்கவைத்து, உரிய வேளையில் எழுப்புவதால், வேகம் வேறுபட்ட இரு நிரல்கள் ஒன்றையொன்று அறியாமலே ஒத்து நடக்கின்றன. எழுதும் முனைகள் அனைத்தும் மூடப்பட்டால்தான் தரவு முடிந்தது என்பது படிப்பவருக்குத் தெரியவரும். பிரதியிடம் சென்ற ஒரு முனையை மூட மறந்துவிட்டு, நிரல் ஏன் முடிவின்றிக் காத்திருக்கிறது என்று திகைப்பது புதிய நிரலாளர்களுக்கு வழக்கம்.

தரவு கெர்னலுக்குள் ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் நகலெடுக்கப்படுவது இதன் விலை. பகிர்ந்த நினைவகம் என்னும் மாற்றுவழி அந்நகலைத் தவிர்த்தாலும், யார் எப்போது தொடலாம் என்ற ஒழுங்கை நிரல்களின் தலையிலேயே சுமத்துகிறது.

கோப்பு மேலாண்மை போன்ற பணிகளையும் தனி நிரல்களாகப் பிரிக்கும் நுண்கெர்னல்களில் இந்த விலை பன்மடங்காகும். மாக் என்ற நுண்கெர்னலில் 115 மைக்ரோ வினாடி எடுத்த சிறு செய்தியொன்றை, 1993இல் ஜெர்மானியரான யோகன் லீட்கே அதே 486 வகைச் செயலியில் ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடியில் அனுப்பிக்காட்டினார். சிறு செய்திகளை நினைவகத்துக்கே கொண்டுசெல்லாமல், செயலியின் பதிவகங்களிலேயே வைத்துக் கைமாற்றியது அவருடைய உத்திகளுள் ஒன்று.