முதுநகர் ஜல்லிக்கு அடியில்

கடலூருக்கு இரண்டு ரயில் நிலையங்கள். புதுநகருக்குத் திருப்பாதிரிப்புலியூர், ஊர்க்காரர்கள் ஓ.டி. என்று சொல்லும் முதுநகருக்குத் துறைமுகம் சந்திப்பு. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் 122 கிலோமீட்டர் பாதை இந்தச் சந்திப்பைத் தொட்டுத்தான் சிதம்பரம் போகிறது. விருத்தாசலம் பாதை பிரிவதும் இங்கேதான். 1870களில் இந்தப் பாதைக்கு மண் கொட்டி, மேடாக்கி, ஜல்லி பரப்பினார்கள். கொட்டுவதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அன்று கிடையாது.

பார்த்திருக்க வேண்டிய இடம் இது. கெடிலமும் உப்பனாறும் கடல் சேரும் முகத்துக்குப் பக்கத்து மண். 1690இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்றும் இருக்கிறது. 1783இல் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் ஒரு பக்கம், ஆங்கிலேயர் மறுபக்கம் நின்று மோதிய முற்றுகையும் இந்த ஊரில்தான்.

அதற்கெல்லாம் வெகு முந்தையது காரைக்காடு. முதுநகருக்குத் தெற்கே, இன்று சிப்காட் ஆலைகள் நிற்கும் பகுதியில், 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது கடல் கடந்து வந்த ஆம்போரா சாடித் துண்டுகளும் ரவுலட்டட் ஓடுகளும் கிடைத்தன. ரவுலட்டட் தட்டு மெல்லியது, பளபளப்பானது. அதன் உட்புறத்தில் நடுவைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பொடிக் கீறல்கள் ஓடும். நகத்தால் தடவினால் சொரசொரப்புத் தட்டும். சக்கரத்தில் சுழலும் ஈரத் தட்டின்மேல் சிறு கருவியை வைத்து எடுத்த வேலை அது. 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இதை மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்கு என்று எண்ணினார். பின்னாளில் களிமண்ணைச் சோதித்தபோது இந்தியாவில் வனைந்ததுதான் என்று தெரிந்தது. ஆனாலும் ஆம்போராக்களைப் பார்த்தால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கரையில் சரக்கு ஏறி இறங்கியிருக்கிறது.

ஆற்றுமுகத் துறைமுகம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆறு கொண்டுவரும் வண்டல் படிந்து படகுத்துறை மேடாகிவிடும்; கப்பல்கள் நகர்ந்துபோகும்; மேட்டில் ஊர் எழும்பும். இஸ்தான்புல்லின் யெனிகாப்பியில் நடந்தது இதுதான். கடலடிச் சுரங்க ரயிலுக்காக அங்கே நிலையம் கட்டப் பள்ளம் எடுத்தார்கள். 2004 முதல் 2013 வரை தோண்டியதில் பைசாந்தியர் காலத்துத் துறைமுகமே வெளிவந்தது, 37 மரக்கலங்களோடு. அதற்கும் கீழே, கடல் மட்டத்துக்கு ஆறு மீட்டர் அடியில், சுமார் 8,500 ஆண்டுக்கு முந்தைய மனிதர்களின் காலடித் தடங்கள்!

மரம் ஆயிரம் ஆண்டு மட்காமல் கிடந்ததற்குக் காரணம் சேறு. நீர் ஊறிய வண்டலுக்குள் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் மரத்தைத் தின்னும் பூஞ்சை வாழாது. ஆபத்து வெளியே எடுத்த பிறகுதான். மரத்தின் கட்டுமானம் கரைந்து, அந்த இடத்தில் தண்ணீர்தான் நின்றுகொண்டிருக்கும். வெயிலில் காயவிட்டால் சுருங்கி நொறுங்கிவிடும். எனவே பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகை ஏற்றுகிறார்கள்.

உப்பனாற்றங்கரை வண்டலும் காற்று புகாத வண்டல்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று தோண்டாமல் அறிய முடியுமா? தரைக்குள் ரேடியோ அலை அனுப்பும் ரேடார் ஒன்று உண்டு. உப்புநீர் ஊறிய களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலையை விழுங்கிவிடும். ஒரு மீட்டர் ஆழம்கூடச் சரியாகத் தெரியாது. காந்தமானி வைத்துப் பார்க்கலாம் என்றால், பக்கத்தில் இரும்புத் தண்டவாளமும் மின்பாதையும். ஆய்வாளர் பெரிதும் நம்பும் இரண்டு கருவிகளும் முதுநகரில் கை கொடுக்காது.

கை கொடுக்கக்கூடியது பொறியாளர் எப்படியும் செய்யும் வேலை. அடித்தளம் போடுமுன் மண் பரிசோதனைக்குத் துளை போட்டு, ஆழம் வாரியாக மாதிரி எடுப்பார்கள். மண்ணின் தாங்கு திறனைக் கணக்கிட்டதும் அந்த மாதிரிகளுக்கு வேலை முடிந்தது. அதே மண்ணை ஒரு தொல்லியலாளர் பார்த்தால் சிப்பி கலந்த சாம்பல்நிற வண்டல் பழைய கழிமுகம் என்பார். கரித்துண்டு கிடைத்தால் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்புவார். வண்டலுக்கு நடுவே செங்கல் பொடியும் ஓடும் வந்தால் அங்கே ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டாம். இதை நாம் ஏன் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை.

கிடைத்ததை என்ன செய்வது என்பதற்கு உலகில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. ஏதென்ஸின் சிண்டாக்மா நிலையத்தில் மண்ணடுக்கை வெட்டிய வாக்கிலேயே கண்ணாடிக்குப் பின்னால் விட்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் ரயில் ஏறுகிறார்கள். ரோமில் 2018இல் திறந்த சான் ஜொவானி நிலையத்தில், இறங்க இறங்கச் சுவர் காலத்தைச் சொல்லிக்கொண்டே வரும். பழைய பண்ணையில் கிடந்த பீச் பழக்கொட்டைகள்கூட அங்கே காட்சியில் உண்டு. தெசலோனிகியில் பளிங்கு பாவிய பழைய தெரு வெளிப்பட்டது. அதை இருந்த இடத்திலேயே விட வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்து, நிலையம் கட்டி, மறுபடி அங்கேயே அடுக்கி, 2024 நவம்பரில் திறந்தார்கள். முன்கூட்டியே பார்த்து நிலையத்தை வரைந்திருந்தால் பெயர்த்தே இருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

நமக்கு மிக நெருக்கமானது டோக்கியோ. ஜப்பானின் முதல் ரயில் 1872இல் ஓடியபோது கடலுக்குள் கற்கரை எழுப்பித் தண்டவாளம் போட்டார்கள். 2019இல் ஷினாகாவா நிலையப் பகுதியைப் புதுப்பிக்கையில் அந்தக் கரை வெளிப்பட்டது. முழுவதையும் காப்பாற்றவில்லை; ஏறக்குறைய 120 மீட்டரை இருந்த இடத்திலேயே விட்டு, தேசிய வரலாற்றுச் சின்னமாக்கினார்கள். முதுநகர்ப் பாதைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். நீராவி எஞ்சின் கொட்டிய கரிச்சாம்பலும் மீட்டர் கேஜ் காலத்துச் செங்கல் வேலையும் இனி தொல்பொருள்தான்.

ரயில்வேயின் அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பித்த சிதம்பரம், விருத்தாசலம் நிலையங்கள் 2025 மே 22 அன்று திறக்கப்பட்டன. வேலை பாதை நெடுகத் தொடரும். ஆனால் பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னத்தைச் சுற்றித்தான் வேலி போடுகிறது. மற்ற மண்ணுக்கு இருப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பானை ஓட்டுக்கும் சிப்பி வண்டலுக்கும் அந்தக் கணக்கில் விலையே இல்லை. பொக்லைன் அள்ளி லாரியில் கொட்டிவிடும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்தால் இதைத் தடுக்கலாம்: மண் பரிசோதனை மாதிரிகளைத் தொல்லியல் துறைக்குக் காட்ட வேண்டும், பள்ளம் எடுக்கும் நாளில் அத்துறையின் ஆள் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.