உடைவதற்கென்றே ஒரு பூட்டு

அவசரப் பிரிவு நர்ஸுகளின் சாமர்த்தியம் என்றால், இல்லாததற்குப் பதில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். சமாளிக்கும் நிலையே வராமல் பார்த்துக்கொண்டதுதான் அவர்களுடைய பெரிய கண்டுபிடிப்பு என்பேன். அதற்குச் சாட்சி, வார்டு மூலையில் நிற்கும் கிராஷ் கார்ட், அதாவது உயிர்காக்கும் மருந்துகளும் கருவிகளும் அடுக்கிய தள்ளுவண்டி. இதயம் நின்றவருக்கு எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. அந்த நேரத்தில் அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அமெரிக்காவின் பஃபலோ நகர செவிலியர் அனிட்டா டார், 1960களின் பிற்பகுதியில் சக செவிலியரோடு தேவையான சாமான்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கென ஒரு தள்ளுவண்டி செய்தார். அடுக்கிய முறைதான் அழகு: தலைக்கு வேண்டியதில் தொடங்கிக் கால் வரை, உடம்பின் வரிசையிலேயே. பதற்றத்தில் பட்டியல் மறந்துபோகலாம்; எதிரே கிடக்கும் உடம்பைப் பார்த்தாலே எந்த இழுப்பறை என்று கைக்குத் தெரிந்துவிடும்.

இதை டாக்டர்கள் முன்பே செய்துவிட்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஃபிலடெல்ஃபியாவில் ஜோயல் நோபல் என்ற மருத்துவர் 1960களின் நடுவிலேயே ‘மேக்ஸ்’ என்ற வண்டியை உருவாக்கியிருந்தார். முதலில் செய்தது யார் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. எந்தப் பொருளைத் தேடி எந்தக் கை தடுமாறும் என்பது, அதை எடுத்துக் கொடுப்பவருக்குத்தான் தெரியும்.

இன்றைய வண்டிகளில் என்னை அதிகம் கவர்வது பூட்டு. எண் பொறித்த மெல்லிய பிளாஸ்டிக் சீல். சாவி கிடையாது, முறுக்கி இழுத்தால் அறுந்துவிடும். திருடனைத் தடுக்க இது உதவாது. யாரோ திறந்தார்கள் என்று சொல்லத்தான் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது சீலின் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தாவிட்டால் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணியாக வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டில் கற்பனைக்கு இடமேது என்பார்கள். அட்ரினலின் ஆம்பூலைக் கை தேடாதபோதுதான், இதயம் ஏன் நின்றது, பொட்டாசியமா, ரத்தப்போக்கா என்று மூளை யோசிக்க முடியும். ஆனால் சீல் அறியாதவையும் உண்டு: தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பேட்டரி தீர்ந்திருப்பது, மருந்து காலாவதியாகியிருப்பது. சீல் அறுபடவில்லை என்பதற்காக, திறந்து பார்க்காமலே பதிவேட்டில் டிக் போடும் வழக்கம் வண்டியை வெறும் மேஜையாக்கிவிடுகிறது. அவசரத்துக்கு ஒரு சிரிஞ்சை அதிலிருந்து இரவல் எடுத்துவிட்டுத் திருப்பி வைக்காததும் அப்படித்தான். இந்தக் குறைகளை நேரில் அறிந்தவர் நர்ஸ்தான்; அப்படியிருக்க, வண்டி வாங்கும் டெண்டர் கமிட்டியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸைக்கூட உட்கார வைக்காத நிர்வாகங்களை என்ன சொல்வது?