மலைக்கு வந்த ஆஸ்திரேலியா: அன்றும் இன்றும்

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது சுற்றிலும் இருந்தது புல்வெளிதான். மலை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. 1863-ல் பிரிட்டிஷ் அதிகாரி வியர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கிய காலத்திலும் கரைமேடுகளில் மரம் அபூர்வம். அந்தப் புல்லைத் தரிசு என்று எண்ணியதில்தான் எல்லாம் தொடங்கியது.

குடியேறியவர்களுக்கு அடுப்புக்கு விறகு வேண்டும், வாசலில் பூ வேண்டும். தை மாதத்து உறைபனியையும் அதன் பின்வரும் மழையில்லா வெயிலையும் ஒருங்கே தாங்கும் செடிகள் ஆஸ்திரேலியாவில் கிடைத்தன. மஞ்சள் பொடியாகப் பூத்துக் குலுங்கும் வாட்டில், தைலம் மணக்கும் யூகலிப்டஸ், சிவப்புப் பூக்கொத்து நீட்டும் பாட்டில் பிரஷ் எல்லாம் மலையேறின. கீழ்மலைக் காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரச் சில்வர் ஓக் வந்தது. அதில் இன்று மிளகுக்கொடி படர்கிறது.

தோட்டத்தோடு நின்றிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் வனத்துறையே வாட்டிலையும் யூகலிப்டஸையும் புல்வெளிகளில் பரவலாக நட்டது. பட்டை தோல் பதனிட உதவும், மரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகும் என்பது கணக்கு. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-ல் வெளிவந்தது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் கொடைக்கானல் அமைந்த பழனிமலைத் தொடரின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது அது. படிக்கவே மனம் கனக்கிறது. புல்லும் சோலையும் மழையைப் பிடித்து மெல்லக் கசியவிட்டதால்தான் கோடையிலும் ஓடைகள் ஓடின. பாலாறு பொருந்தலாறும் மஞ்சளாறும் இந்த மலையை நம்பியவை.

வெட்டிவிட்டால் தீருமா? வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கும். தீ பட்டால், மரம் சாய்ந்து வெயில் விழுந்தால், ஆயிரக்கணக்கில் முளைக்கும். மொட்டையடித்த இடம் முன்னைவிட அடர்ந்த வாட்டில் புதராவது அதனால்தான். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் வாழ்ந்து சோலை நாற்றுகள் வளர்த்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் தம்பதி வேறொன்றையும் கவனித்தார்கள். பழைய வாட்டில் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுகின்றன. அங்கே கோடரி போடுவது வளரும் சோலையை மிதிப்பதாகும். புல்வெளியில் புதிதாக நுழையும் வாட்டிலை மட்டும் விடவே கூடாது. இந்த வேறுபாட்டைக் கண்டு சொன்னதற்கு மலை அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வந்தது. அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022-ல் வகுத்தது. வீட்டுத் தோட்டக்காரருக்கும் இதில் வேலை உண்டு. கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் ஊரில் வறட்சி தாங்கும் செடியை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பாட்டில் பிரஷ் இருக்கட்டும். அது வாட்டிலைப் போல மலையை வளைத்துக்கொண்டதில்லை, பூக்கும்போது தேன்சிட்டுகளும் வருகின்றன. வேர்பிடிக்கும்வரை நீர் ஊற்றினால் போதும். சில்வர் ஓக்கின் இனத்துப் பூச்செடியான கிரெவில்லியா வைப்பவர்கள் சூப்பர் பாஸ்பேட், டிஏபி பக்கம் போகவேண்டாம். வளமற்ற மண்ணுக்குப் பழகிய அதன் வேர்களுக்கு மிகுதியான மணிச்சத்து நஞ்சு.

ஆனால் புதிதாக நடுபவர்கள் முதலில் இந்த மலையின் செடிகளைப் பார்க்கவேண்டும் என்பேன். செந்நிறப் பூவுடைய காட்டுப்பூவரசு பனி, வெயில், தீ மூன்றுக்கும் ஈடுகொடுத்துப் புல்வெளியில் நின்ற மரம். தவுட்டுப்பழச் செடி இளஞ்சிவப்பாகப் பூத்துப் பழமும் தரும். 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்துப் பூக்க 2030 வரை பொறுக்கவேண்டும். பொறுக்கலாம்.

வேலியோரத்தில் வாட்டில் கன்று தலைகாட்டினால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். அப்போது ஒரு கை போதும்.