கோஸ் மூட்டையும் ஒன்றரை நிமிஷமும்!

உங்க ரூம் ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் திறந்து பாருங்க. காய்ஞ்சுபோன அரை எலுமிச்சம்பழம், போன வாரத்து தோசை மாவு, மூடி தொலைஞ்ச சாஸ் பாட்டில்... அப்புறம் மூலையில, வெட்டின பக்கம் கறுத்துப்போய் உங்களையே முறைச்சுப் பார்க்குற அரை முட்டைகோஸ். இருக்கா? இருக்கும் பாஸ். ஒரு முழு கோஸை ஒரே நாள்ல சமைச்சு முடிக்கிற பேச்சுலர் ரூம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை!

எங்க ரூம்ல மாட்டினது அரை கோஸ் இல்லை... ஒரு மூட்டை!

கோவையில காலேஜ் பக்கத்துல வீடு எடுத்து, நாலு பேர் நாங்களே சமைச்சுச் சாப்பிடுறோம். அதுல ஒருத்தன் கோத்தகிரி பக்கம். (பேரைப் போட்டா உதைப்பான்!) அவங்க அப்பாவுக்கு கேரட், கோஸ் விவசாயம். நீலகிரி காய்கறி பெரும்பாலும் மேட்டுப்பாளையம் மண்டியிலதான் வந்து இறங்கும். விலை இருந்தா சந்தோஷம். விலை விழுந்தா அறுப்புக் கூலியும் வண்டி வாடகையும் போக கையில ஒண்ணும் நிக்காது. 'விலை ஏறட்டும், அப்புறம் அறுத்துக்கலாம்'னு தோட்டத்துலயே விட்டுவைக்கவும் முடியாது. முத்தின கோஸ் வெடிச்சுடும்.

அப்படி ஒரு மோசமான வாரத்துலதான், மண்டிக்குப் போற வண்டியில ஒரு மூட்டையைத் தனியா எடுத்து வெச்சு, 'பசங்க சாப்பிடட்டும்'னு கொடுத்தனுப்பினார் அப்பா.

முதல் நாள் பொரியல். ரெண்டாம் நாள் கூட்டு. மூணாம் நாள் கோஸ் வடை. நாலாம் நாள் 'கோ...'ன்னு ஆரம்பிச்சாலே ஒருத்தன் சட்டையை மாட்டிக்கிட்டு புரோட்டா கடைக்கு ஓடினான். அப்போதான் எனக்குள்ள தூங்கிட்டு இருந்த இன்ஜினீயர் முழிச்சார். ''ஃப்ரீஸர் எதுக்குடா இருக்கு? நறுக்கு... கவர்ல போடு... உள்ளே தள்ளு!''

மூணு வாரம் கழிச்சு வெளியே எடுத்தா, செங்கல்! சப்பாத்திக் கட்டையால அடிச்சு உடைச்சு வாணலியில போட்டோம். தண்ணியா விட்டு, பழுப்பா மாறி, ஒரு வாசனை கிளம்புச்சு பாருங்க... ஹவுஸ் ஓனர் மாடியேறி வந்து, ''கேஸ் லீக்காப்பா?''ன்னு கேட்டார். மொத்தத்தையும் குப்பையில கொட்டினோம். சிரிச்சுக்கிட்டேதான் கொட்டினோம். கோத்தகிரிக்காரன் மட்டும் சிரிக்கலை. அன்னிக்கு ராத்திரி அவங்க அப்பா போன் பண்ணி, ''கோஸெல்லாம் ஆச்சா தம்பி?''ன்னு கேட்க, ''ஆச்சுப்பா''ன்னு அவன் சொன்ன குரல் இருக்கே... அதுக்காகத்தான் உட்கார்ந்து தப்பு எங்கேன்னு தேட ஆரம்பிச்சோம்.

வில்லன் நம்பர் 1: என்ஸைம்!

நறுக்கின பிறகும் கோஸுக்குள்ள என்ஸைம்கள் வேலை பார்த்துக்கிட்டேதான் இருக்கும். நிறத்தையும் ருசியையும் வாசனையையும் மாத்துற ஆசாமிகள் இவங்கதான். ஃப்ரீஸர் குளிர்ல இவங்க ஸ்லோ ஆவாங்களே தவிர, சாக மாட்டாங்க. சூடுதான் இவங்களை அடக்கும். அதனால ஃப்ரீஸருக்குப் போறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு! இதுக்குப் பேர் பிளான்ச்சிங். சூப்பர் மார்க்கெட்ல விக்கிற ஃப்ரோஸன் பட்டாணி மாசக்கணக்கா பச்சையாவே இருக்கே, அதோட ரகசியமும் இந்தக் குளியல்தான்.

வில்லன் நம்பர் 2: ஐஸ்!

முட்டைகோஸ்ல சுமார் 92 சதவிகிதம் தண்ணிதான். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவிகிதம் விரியும். மெதுவா உறைஞ்சா பெரிய பெரிய ஐஸ் படிகமா வளர்ந்து கோஸோட செல் சுவரைக் கிழிச்சுடும். வேகமா உறைஞ்சா படிகம் பொடியா இருக்கும், சேதம் கம்மி. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1910-களில் இன்றைய கனடாவின் லாப்ரடாரில் இருந்தபோது, அங்கே இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடும் குளிரில் சட்டுனு உறைஞ்சு, சமைக்கும்போது புதுசு போலவே இருப்பதைக் கவனிச்சார். அந்த ஐடியாவை வெச்சு அவர் உருவாக்கின உறை உணவுகள் 1930-ல் கடைக்கே வந்துடுச்சு!

நம்ம ரூம் ஃப்ரீஸர் அவ்ளோ வேகம் கிடையாது. தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ்ல தூங்காதவங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ தண்ணியை 30 டிகிரியில இருந்து ஜீரோவுக்குக் கொண்டுவர சுமார் 125 கிலோஜூல் வெளியேறினா போதும். அதையே ஐஸாக்க இன்னும் 334 கிலோஜூல் வெளியேறணும்! மூணு கிலோவை ஒரே கவர்ல திணிச்சா பாவம், அந்த குட்டி ஃப்ரீஸர் என்ன செய்யும்? சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்னா ஒரு நாளைக்கு அரை கிலோ போதும்.

சரி, செய்முறை!

* மேல் இலைகளை எடுத்துட்டு, ஃப்ரெஷ்ஷான கோஸை நறுக்கி, உப்புத் தண்ணியில கால் மணி நேரம் போடுங்க. புழு, பூச்சி இருந்தா வெளியே வந்துடும். அலசுங்க. ரொம்பப் பொடியா நறுக்க வேண்டாம்.

* பெரிய பாத்திரத்துல தண்ணியைக் கொதிக்க வைங்க. கால் கிலோ கோஸுக்கு ரெண்டு லிட்டர். கோஸைப் போட்டதும் கொதி அடங்கும். மறுபடி கொதிச்ச பிறகு செல்போன்ல டைமர் போடுங்க. ஒன்றரை நிமிஷம், அவ்ளோதான்! அதுக்கு மேல விட்டா அது சமையல்.

* உடனே வடிகட்டி, ஐஸ் போட்ட தண்ணியில கொட்டுங்க. உள்சூட்டுல வேகுறதை நிறுத்தணும்ல?

* நல்லா வடிச்சு, சுத்தமான துணியில பரப்பி ஈரத்தை ஒத்தி எடுங்க. இங்கே சோம்பேறித்தனம் பட்டா அந்த ஈரமெல்லாம் ஐஸாகும்.

* தட்டுல பரப்பி ஃப்ரீஸர்ல வைங்க. தனித்தனியா இறுகின பிறகு, ஒரு வேளைக்கு ஒரு ஜிப் கவர்னு போட்டு, காற்றை அழுத்தி வெளியேத்தி மூடுங்க. மேல தேதி எழுதுங்க. மறக்காதீங்க!

மைனஸ் 18 டிகிரியை விடாம பிடிக்கிற ஃப்ரீஸர்னா எட்டு மாசம் வரைக்கும்கூட ருசி தாங்கும். நம்ம சிங்கிள் டோருக்கு ரெண்டு மாசத்துக்குள்ள காலி பண்றது நல்லது. கரன்ட் போனா கதவைத் திறக்காதீங்க. வந்த பிறகு பார்க்கும்போது கவருக்குள்ள இன்னும் ஐஸ் இருந்தா கவலை இல்லை. முழுசா இளகி வெதுவெதுப்பாகிடுச்சா? யோசிக்காம தூக்கிப் போடுங்க.

சமைக்கும்போது?

ஐஸ் விட காத்திருக்காதீங்க. தாளிச்சு, அப்படியே நேரா வாணலிக்கு! தண்ணி தெளிக்கவே கூடாது, அதுவே விடும். அடுப்பைக் கூட்டி வெச்சு, மூடாம வதக்குங்க. ஏற்கெனவே பாதி இளகினதால சீக்கிரம் வெந்துடும். கூட்டுக்கு நம்பர் ஒன், முட்டை போட்ட பொரியலுக்கும் ஓகே. ஆனா சாலட்டுக்கு நோ சான்ஸ்! மொறுமொறுப்பு ஒருதடவை போனா போனதுதான். வெந்நீர்ல வைட்டமின் சி-யும் கொஞ்சம் போகும்.

இன்னொரு உண்மை: வெட்டாத கோஸ் ஃப்ரிட்ஜ் காய்கறி ட்ரேயிலேயே ரெண்டு வாரத்துக்கு மேல தாங்கும். அதை ஃப்ரீஸ் பண்ண வேண்டியதில்லை. வெட்டி மிச்சமானது, செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது மாட்டுறது, மூட்டையா வர்றது... இதுக்குத்தான் இந்த வித்தை.

அடுத்த தடவை மூட்டை வந்தப்போ, தினமும் அரை கிலோவா, ரெண்டு தவணையில பிளான்ச் பண்ணினோம். ரொம்பி வழிஞ்சது போக மிச்சத்தைப் பக்கத்து ரூமுக்கெல்லாம் கொடுத்தோம்.

ஒன்றரை மாசம் கழிச்சு, ஃபீஸ் கட்ட அப்பா நேர்ல வந்தார். சாதம், ரசம், கோஸ் பொரியல். சாப்பிட்டுக்கிட்டே, ''இப்ப கோஸ் விலை ஏறிக்கிடக்கு, இதை ஏன் தம்பி வாங்குறீங்க?''ன்னார். நம்மாளு ஒண்ணும் பேசாம எழுந்துபோய், மிச்சம் இருந்த ஒரு கவரை எடுத்து வந்து கையில கொடுத்தான். அப்பா அதைத் திருப்பி, ஸ்கெட்ச் பேனாவுல எழுதியிருந்த தேதியைப் படிச்சார். ரெண்டாந்தடவையும் படிச்சார்.

''அந்த வாரம் அறுத்ததா இது?''ன்னு கேட்டுட்டு, தட்டை நீட்டி, ''இன்னும் கொஞ்சம் பொரியல் வைங்க தம்பி''ன்னார்.

ஸோ... மறக்காம தேதி எழுதுங்க ஃப்ரெண்ட்ஸ்!