வில்பட்டியில் எப்போது சீசன்?

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவரிடம் "சீசன் எப்படி?" என்று கேட்டால், அவர் ஏப்ரல், மே மாதங்களைப் பற்றிப் பேசுவார். அங்கிருந்து அட்டுவம்பட்டி வழியாக இறங்கி வில்பட்டிக்கு வந்து, பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பவரிடம் அதையே கேட்டால், எதன் சீசன் என்று நாம் சொன்னால்தான் அவரால் பதில் சொல்ல முடியும். பூண்டுக்கு ஒன்று, பிளம்ஸுக்கு ஒன்று, பேரிக்காய்க்கு ஒன்று, உறைபனிக்கு ஒன்று, வாடகைக்கு விட்டிருக்கும் அறைக்கு ஒன்று. இத்தனை சீசன்களும் ஒரே மலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆனால் தார்ச்சாலையும் குடிநீரும் போலீஸ் பந்தோபஸ்தும் அரசு அறிவிப்பும் இவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் சீசன் என்று எடுத்துக்கொள்கின்றன. வில்பட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது மனத்தை உறுத்தியது இதுதான்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படுவதில்லை. ஆளுக்கு ஒரு பொருளில் அது புழங்குகிறது. தென்காசிக்காரருக்கு சீசன் என்றால் ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல். மயிலாப்பூர்க்காரருக்கு அது மார்கழிக் கச்சேரி. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. அந்த விதைதான் இன்றைக்கு டிசம்பர் சீசனாகக் கிளை விட்டிருக்கிறது. ஐயப்ப பக்தர்களுக்கு கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து மகரஜோதி வரைக்கும் சீசன். கல்யாண மண்டபத்துக்காரர்களுக்கு முகூர்த்தம். செங்கல்பட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறவர்களுக்கு அது சட்டைப்பையில் இருக்கும் ஒரு சீட்டு: "சீசன் எடுத்தாச்சா?" வீட்டுப் பிள்ளைகளுக்கோ தொலைக்காட்சித் தொடரின் அடுத்த தொகுதி.

தச்சுப் பட்டறைக்குப் போனால் சொல் இன்னொரு பக்கம் திரும்பிவிடும். "சீசன் ஆன மரம்" என்றால் ஈரம் வற்றி, இனி முறுக்காது, வெடிக்காது என்று நம்பி இழைக்கலாம் என்று அர்த்தம். அறுத்த பலகைகளை இடையில் குச்சி வைத்து, காற்றாட, நிழலில், மாதக்கணக்கில் அடுக்கி வைப்பார்கள். புதுத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிப் பழக்குவதையும் சமையல் காணொளிகள் "சீசனிங்" என்கின்றன. பழக்குவது, வசக்குவது என்று நம் அம்மாக்கள் சொன்னது அதைத்தான். ஆங்கிலத்தில் உணவுக்கு உப்பும் மிளகும் சேர்ப்பதும் இதே வினைதான். காலத்தால் பக்குவப்படுவது என்ற ஒரு பொருள் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது.

அதற்கும் அடியில் இருப்பதுதான் வில்பட்டிக்கு நெருக்கமானது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர் லத்தீனில், 'சாத்தியோ' என்ற சொல். பொருள்: விதைப்பு. விதைக்கும் செயல் விதைக்கும் காலமாகி, பிறகு எந்தக் காலமாகவும் ஆகி, கடைசியில் கூட்டம் கூடும் காலமாகவும் ஆயிற்று. நம் பக்கத்தில் இதற்குச் சரியான உறவு 'பட்டம்'. ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று விவசாயி சொல்வது நாள்காட்டியின் ஒரு பகுதியை மட்டுமல்ல. விதை மண்ணில் விழவேண்டிய நேரத்தை.

கொடைக்கானலுக்கு இந்தச் சொல் விதைப்போடு வரவில்லை, வெயிலுக்குத் தப்பி வந்தவர்களோடு வந்தது. 1821இல் வார்டு என்ற படை அதிகாரி பழனி மலையை அளக்க ஏறிவந்தபோதே மேல்மலையில் ஊர்களும் அடுக்கு வயல்களும் இருந்தன. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சி, முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அது சரிப்படவில்லை. 1845இல் கொடைக்கானலில் அவர்களுடைய முதல் இரண்டு பங்களாக்கள் எழும்பின. பெரியகுளம் அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான குதிரைப் பாதையில் நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறிய காலம் அது. 1863இல் மதுரைக் கலெக்டர் லெவின்ஜ் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வந்தது. ஊட்டி போல அரசாங்கமே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஊர் அல்ல இது. ஆனாலும் கீழே வெயில் ஏறும்போது மேலே ஆள் ஏறுவது என்ற பழக்கம் ஒன்றுதான். அன்றைக்கு விழுந்த அந்தத் தடத்திலேதான் இன்றைய மே மாதமும் ஓடுகிறது. பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் அதன் மேல் வைத்த மகுடம்.

இதில் எனக்கு வியப்பான ஒன்று உண்டு. தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குச் சொல்லும் பெரும்பொழுது வெயிற்காலம் இல்லை. கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. மலை தன்னைக் காட்டும் காலம் மழையும் பனியும் கலந்து இறங்கும் அந்த நான்கு மாதங்கள் என்று நம் முன்னோர் கணித்திருக்கிறார்கள். நாம் ஏறிப் பார்க்கும் காலமோ அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கிறது.

வில்பட்டியின் ஆண்டு இந்தக் கணக்கோடுதான் ஒத்துப்போகிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் கொட்டும். மழை ஓய்ந்ததும் மார்கழி, தையில் உறைபனி இறங்கும். விடியற்காலையில் பள்ளமான நிலங்களில் புல் வெள்ளையாகக் கிடக்கும், உருளைக்கிழங்கும் பீன்ஸும் கருகும். தை முடியும்போது இலை இல்லாத பிளம்ஸ் கிளைகளில் பூ வரும். அந்தப் பூவில் பனியோ ஆலங்கட்டியோ விழுந்தால் அந்த வருஷத்துப் பழம் போயிற்று. தப்பித்தால் வைகாசியில் பழம் சிவக்கும். சுற்றுலாக் கூட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்பதால் பிளம்ஸுக்கு மட்டும் இரண்டு சீசனும் கைகோத்துக்கொள்ளும். சாலையோரத்துக் கூடைகளில் அது உடனே விற்றுப்போகும். பேரிக்காய் ஆடி, ஆவணிக்கு நகர்ந்துவிடும். அப்போது வாங்க ஆள் குறைவு. பட்டர் ஃப்ரூட்டுக்கு இப்போது நகரத்தில் கிராக்கி. கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் வருஷம் முழுக்க ஏதாவது ஓர் அடுக்கில் நின்றுகொண்டிருக்கும்.

பூண்டின் கதை தனி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், வில்பட்டி என்று மேல்மலைக் கிராமங்களின் பல தலைமுறை உழைப்புக்குக் கிடைத்த பத்திரம் அது. ஒரு பூண்டு 20 முதல் 30 கிராம் எடை இருக்கும். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். காரமும் வாடையும் தூக்கலாக இருக்கும். மலையின் உயரமும் மூடுபனியும் மண்ணும் சேர்ந்துதான் அதற்கு அந்தக் குணத்தையும் நெடுநாள் கெடாமல் இருக்கும் தன்மையையும் தருகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை நடுகிறார்கள். ஒன்று மே வாக்கில், மற்றது நவம்பர் வாக்கில். வானம் பார்த்துச் சற்று முன்பின் ஆகும். பிடுங்கிய பூண்டைத் தாளோடு முடிந்து கட்டித் தொங்கவிட்டு, புகை காட்டிப் பக்குவப்படுத்துவார்கள். விதைப்பூண்டு அடுப்புக்கு மேலே பரணில் கிடக்கும். தச்சர் மரத்துக்குச் சொல்லும் சீசனும் விவசாயி விதைப்புக்குச் சொல்லும் சீசனும் அந்தப் புகை படிந்த பரணில் ஒரே பொருளாகிவிடுகின்றன. அந்தப் பூண்டு மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது, பழக்கப்பட்ட வியாபாரி தாளைத் திருகிப் பார்த்தே தரத்தைச் சொல்வார். வட மாநிலப் பூண்டையும் மலைப்பூண்டு என்ற பெயரில் விற்கிறார்கள் என்பது இங்கே பழைய வருத்தம். புவிசார் குறியீடு அட்டையில் இருந்தால் போதாது, கடையிலும் அதைக் காவல் காக்க வேண்டும்.

இரண்டு நடவுகளில் ஒன்று எந்த மாதத்தில் விழுகிறது என்று மறுபடி பாருங்கள். மே. நிலத்தைக் கொத்தி, எரு இறைத்து, பூண்டுப் பல் ஊன்றுவதற்கு ஆள் வேண்டிய அதே வாரங்களில்தான் விடுதிக்கும் ஜீப்புக்கும் சமையற்கட்டுக்கும் ஆள் தேவைப்படுகிறது. அங்கே கூலி கூட. மதியத்துக்குள் கையில் காசு. காட்டில் குனிந்து பல் ஊன்றுவதற்கு இளைஞர்கள் எதற்காக வருவார்கள்? அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. கோடைமழை வராத வருஷத்தில் ஓடைத் தண்ணீருக்கும் இரண்டு பக்கமும் கை நீளும். ஊருக்கு வெளியே புதிதாக எழும்பும் காட்டேஜுக்கு லாரித் தண்ணீர், பக்கத்து அடுக்கில் முளைத்து நிற்கும் பயிருக்கு வானம். காட்டுமாடு இறங்கி மேய்ந்துவிட்டுப் போவது இதற்கெல்லாம் மேலே.

சாலையும் இதே கதைதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் விலக்கு உண்டு. இந்த வரம்பை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். இந்த மலைக்கு எவ்வளவு தாங்கும் என்று ஒருவர் கேட்டதே பெரிய காரியம். விடுதிக்காரர்களும் சிறு வியாபாரிகளும் அதனால் வயிறு காய்கிறது என்று சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு மாதத்து வருமானத்தில் பன்னிரண்டு மாதம் தள்ளுகிறவர்கள் அவர்கள். ஆனால் வரம்பு 4,000 ஆனாலும் 6,000 ஆனாலும் மலைப்பாதை ஒன்றுதானே. விலக்குப் பெற்ற காய்கறி வண்டியும் அதே நெரிசலில்தான் நிற்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு நேரத்தில் போய்ச் சேராத கேரட்டுக்கு அன்றைய விலை கிடையாது. அறுவடை வண்டிக்கென்று காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் பாதையை ஒதுக்குவது முடியாத காரியம் இல்லை. பூண்டு நடும் வாரங்களில் எந்த ஓடையில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பஞ்சாயத்து உட்கார்ந்து பேசி எழுதி வைப்பதும் முடியாத காரியம் இல்லை. சுற்றுலாவுக்கென்று சீசன் ஏற்பாட்டுக் கூட்டம் நடத்துகிற மாவட்ட நிர்வாகம், அதே மேஜையில் பூண்டு விவசாயிக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதில் வில்பட்டி பலியாகக் கிடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பல வீடுகளில் ஒரே குடும்பம் காட்டையும் வைத்திருக்கிறது, இரண்டு அறையையும் வாடகைக்கு விடுகிறது. பூண்டு விலை விழுந்த வருஷத்தில் அந்த அறைதான் கடனை அடைக்கிறது, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. விருந்தாளி வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், பேரி மரத்தையும் பூண்டுத் தாளையும் காட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. ஆடி, ஆவணியில் பேரிக்காய் பறிக்கும்போதும் மாசியில் மரங்கள் பூக்கும்போதும் இதே மலைக்கு வரலாம் என்று நகரத்து வாசகர்களுக்கு யாராவது சொன்னால் அந்தக் குடும்பங்களின் இரண்டு வருமானமும் ஒன்றையொன்று தின்னாமல் நடக்கும். விளம்பரப் பலகையில் ஆஃப் சீசன் என்று தள்ளுபடி போட்டு விற்கிற மாதங்களில்தான் இந்த நிலம் தன் வேலையில் முழுதாக இருக்கிறது.

இந்த மலைக்கு இன்னொரு நீண்ட சீசன் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. பார்க்க வந்தவர்களில் பலர் கொத்துக் கொத்தாக ஒடித்தும் போனார்கள். குறிஞ்சி ஒருமுறை பூத்து, விதையை உதிர்த்துவிட்டு மடிந்துவிடும் செடி. ஒடித்த கொத்தில் விதை முற்றாது. அந்த இடத்தில் அடுத்த தலைமுறை முளைக்காது. அடுத்த முறை 2030. எந்தச் சரிவுகளுக்குள் ஆளை விடுவது, எந்தச் சரிவுகளை விதை உதிர்ந்து முடியும்வரை மூடி வைப்பது, வழிகாட்டியாக யாரை நிறுத்துவது என்பதை வனத்துறை கிராமங்களோடு இப்போதே உட்கார்ந்து முடிவு செய்யலாம். வில்பட்டியிலும் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் எந்தச் சரிவு எப்போது பூத்தது என்று நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அந்தத் திட்டத்தைத் தீட்டக்கூடாது.